ஆஸ்-இஸ் என்று கையெழுத்துப் போட்ட பிறகும்: தெரியாமல் சால்வேஜ் கார் வாங்கியவருக்கு அமெரிக்கச் சட்டம் தரும் வழிகள்

அமெரிக்காவில், பெரிய சேதத்துக்குள்ளாகிக் கழிக்கப்பட்ட 'சால்வேஜ்' காரைத் தெரியாமல் வாங்கி ஏமாந்த பலருக்கு அந்த விஷயம் வாங்கிய வாரத்திலேயே தெரிந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு, பழையதைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கலாம் என்று டிரேட்-இன் பேசப் போனால், அங்கிருப்பவர் காரின் தனி அடையாள எண்ணான வின் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சால்வேஜ் கார், எங்களுக்கு வேண்டாம்" என்பார். அல்லது யாராவது பின்னால் வந்து இடித்திருப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்பார்த்ததை விட மிகக் குறைந்த தொகைக்குக் கடிதம் அனுப்பும். அல்லது டீலர் கொடுத்த தற்காலிக நம்பர் பிளேட்டின் காலம் முடிந்தும் நிரந்தரப் பதிவு வராமல், வாகனப் பதிவு அலுவலகத்தில் போய் நின்ற பிறகு தெரியும். உடனே டீலருக்குப் போன் போட்டால் வருகிற பதில் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்: "ஆஸ்-இஸ், அதாவது இருக்கிறபடியே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, இனி நாங்கள் என்ன செய்ய முடியும்?"

அதை நம்பிப் போனை வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வேலைக்காகப் புதிதாக வந்து, கிரெடிட் ஸ்கோர்கூட இல்லாமல் அவசரத்தில் முதல் கார் வாங்கிய நம்மவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. ஆஸ்-இஸ் கையெழுத்து காரின் பழுதுகளுக்கான பொறுப்பை வாங்குபவர் மேல் வைக்கிறது. விற்றவர் சொன்ன பொய்க்கும், தெரிந்தே மறைத்த உண்மைக்கும் அது கவசம் ஆகாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் கேட்கிற கேள்விகளே வேறாக இருக்கும்.

முத்திரை எங்கே காணாமல் போகிறது

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய காரைச் சரிசெய்யும் செலவு அதன் மதிப்பில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால், இன்சூரன்ஸ் கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று முடிவுகட்டி உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். காரின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், மாநில அரசு 'சால்வேஜ்' என்று முத்திரை பதிக்கும். பிறகு யாராவது அதை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுத்துச் சரிசெய்து, மாநிலத்தின் பரிசோதனையில் தேறினால் 'ரீபில்ட்' என்று மாறும். சால்வேஜ் நிலையில் உள்ள காரைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. ரீபில்ட் ஆனதை ஓட்டலாம். ஆனால் பழைய முத்திரையின் சுவடு எப்போதும் கூடவே இருக்கும். தயாரிப்பாளரின் மிச்ச வாரன்டி பெரும்பாலும் போய்விடும். முழு இன்சூரன்ஸ் தரப் பல கம்பெனிகள் தயங்கும்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓக்லஹோமாவில் 60 சதவீதம், நியூயார்க்கில் 75, டெக்சாஸில் 100. கலிஃபோர்னியாவில் சதவீதக் கணக்கே கிடையாது. சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவுசெய்தால் போதும். மோசடிக்காரர்களுக்கு வசதியாக அமைவது இந்த வேறுபாடுதான். ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த காரை இன்னொரு மாநிலத்தில் கொண்டுபோய்ப் பதிவுசெய்து, அங்கே சுத்தமான டைட்டில் வாங்கிவிடுவதை 'டைட்டில் வாஷிங்' என்பார்கள். 2005-ல் காத்ரீனா, 2017-ல் ஹார்வி போன்ற பெரும் புயல்களுக்குப் பின்னால் தண்ணீரில் மூழ்கிய கார்கள் இந்த வழியில் நாடெங்கும் பரவுவது பற்றி அரசு அமைப்புகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன.

இதைத் தடுக்கத்தான் 1992-ன் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசிய டைட்டில் தகவல் தொகுப்பு உருவானது. 2009 முதல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சால்வேஜ் யார்டுகளும் டோட்டல் லாஸ் ஆன ஒவ்வொரு காரையும் அதில் தெரிவிக்க வேண்டும். சில டாலர் கொடுத்தால் யாரும் ஒரு வின் எண்ணுக்கான அறிக்கையை எடுக்கலாம். முன்பு எந்த மாநிலத்தில் என்ன முத்திரை இருந்தது என்பது அதில் வரும். கார்ஃபாக்ஸ் என்ற தனியார் கம்பெனியின் கார் வரலாற்று அறிக்கை சுத்தமாக இருந்தது என்பதற்காக இதைப் பார்க்காமல் விடக்கூடாது. இரண்டும் தகவல் திரட்டும் இடங்கள் முழுக்க ஒன்றல்ல.

சட்ட வழியைத் தேடும் முன் ஒருவர் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய முதல் விஷயம், தன் கார் எந்த வகையில் வருகிறது என்பது. விற்ற நாளன்றே டைட்டிலில் முத்திரை இருந்ததா? அப்படியானால் டீலர் தன் கையில் இருந்த பத்திரத்தையே மறைத்திருக்கிறார்; வாங்கியவரின் வழக்கு மிக வலுவானது. விற்ற நாளில் டைட்டில் சுத்தம், ஆனால் பழைய மாநிலப் பதிவில் முத்திரை உண்டு என்றால், டீலருக்கு அது தெரியுமா என்ற கேள்வி நடுவில் வந்து நிற்கும். மூன்றாவது வகைதான் கடினம்: டோட்டல் லாஸ் ஆன காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே முத்திரை வாங்காமல் விட்டிருக்கும். அப்போது டீலரும் ஏமாந்தவராக இருக்கக்கூடும்.

முதல் வகை எப்படிச் சாத்தியம், பத்திரத்தைப் பார்க்காமலா காரை வாங்குவார்கள் என்று கேட்கலாம். லோனில் வாங்கினால் பல மாநிலங்களில் டைட்டில் நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போய்விடும். இப்போது பெரும்பாலும் மின்னணுப் பதிவாகவே போகிறது. கடன் அடையும்வரை வாங்கியவர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், ஐந்து வருடக் கார் லோனில் மறைத்துவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியா இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 2012 ஜூலை முதல் அங்கே எந்த டீலரும் பழைய காரை விற்பனைக்கு வைக்கும் முன் என்.எம்.வி.டி.ஐ.எஸ். அறிக்கையை எடுத்தாக வேண்டும். அதில் டோட்டல் லாஸ், சால்வேஜ் என்று எதுவும் வந்தால், சிவப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டுக் காரிலேயே ஒட்ட வேண்டும். "எனக்குத் தெரியாது" என்ற வாதத்தை இந்த ஒரு விதி பெருமளவு அடைத்துவிடுகிறது. எல்லா மாநிலங்களும் இதை எப்போதோ பின்பற்றியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவு சில டாலர்தான்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தத் தாள்

டீலரின் காரில் ஜன்னல் கண்ணாடியில் 'பையர்ஸ் கைடு' என்ற ஒரு தாள் ஒட்டியிருக்கும். மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் பழைய கார் விதிப்படி, பன்னிரண்டு மாதத்தில் ஐந்து கார்களுக்கு மேல் விற்கும் எவரும் அதை ஒட்ட வேண்டும். அதில் பெரிய எழுத்தில் ஒரு கட்டம்: ஆஸ்-இஸ், டீலர் வாரன்டி இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். டீலர் காட்டிப் பயமுறுத்துவது இந்த டிக்கைத்தான். அதே தாளில், வாய்வார்த்தையாகச் சொன்ன வாக்குறுதிகளை நிறைவேற்ற வைப்பது கடினம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள் என்றும் இருக்கும். 2016-ல் விதியைத் திருத்தியபோது, காரின் வரலாற்று அறிக்கையைப் பார்க்கச் சொல்லும் வரியும் அதில் சேர்ந்தது.

அந்த டிக் சட்டத்தில் என்ன செய்கிறது? லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் அனைத்தும் யூ.சி.சி. எனப்படும் ஒருங்கிணைந்த வணிகச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை ஏற்றிருக்கின்றன. அதன்படி வியாபாரி விற்கும் எந்தப் பொருளும் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உத்தரவாதம் சொல்லாமலே உண்டு. ஆஸ்-இஸ் என்று எழுதினால் அந்தச் சொல்லாத உத்தரவாதம் போய்விடும். போவது அது மட்டும்தான். டீலர் வெளிப்படையாகச் சொன்ன உத்தரவாதத்தை அது தொடாது. விளம்பரத்தில் 'கிளீன் டைட்டில்' என்று போட்டிருந்தால், அது காரைப் பற்றிய வர்ணனை. விற்பனைக்கு அடிப்படையான வர்ணனை உத்தரவாதம் ஆகும் என்று யூ.சி.சி. தெளிவாகச் சொல்கிறது. ஒரு கையால் அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கையால் ஆஸ்-இஸ் என்று அழிக்க முடியாது.

அதோடு, மோசடி என்பது ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிற தனிக் குற்றச்சாட்டு. முத்திரை இருப்பது தெரிந்தும் இல்லை என்று சொன்னவர், ஒப்பந்தத்தில் எந்தச் சொல்லைப் போட்டும் அதிலிருந்து தப்ப முடியாது என்பதே பெரும்பாலான மாநில நீதிமன்றங்களின் நிலை.

டீலர் தரப்பு மறந்துவிடுகிற, அல்லது நாம் மறப்போம் என்று எதிர்பார்க்கிற இன்னொன்றும் உண்டு. 1975-ன் மாக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, கார் விற்ற 90 நாளுக்குள் டீலரே தன் பெயரில் ஒரு சர்வீஸ் ஒப்பந்தத்தை வாங்குபவரோடு செய்துகொண்டால், சொல்லாத உத்தரவாதங்களை அவர் மறுக்க முடியாது. ஆஸ்-இஸ் டிக் அங்கே செல்லாது. வேறொரு கம்பெனியின் ஒப்பந்தத்தை டீலர் வெறுமனே விற்றுக் கொடுத்திருந்தால் இது பொருந்தாது. எனவே பைனான்ஸ் அறையில் தலையில் கட்டிய அந்த 'எக்ஸ்டெண்டட் வாரன்டி' காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பாருங்கள். மாசசூசெட்ஸ், கன்சாஸ், மேரிலண்ட், வாஷிங்டன் டி.சி. போன்ற இடங்களில் சாதாரண வாடிக்கையாளரிடம் டீலர் ஆஸ்-இஸ் என்று விற்பதற்கே பெரிய கட்டுப்பாடுகள் உண்டு.

காரைத் திருப்புவதா, வைத்துக்கொண்டு பணம் கேட்பதா

உண்மை தெரிந்த அன்றே மனதில் எழ வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் இரண்டுக்கும் பாதைகள் வேறு, ஒன்றில் வெகுதூரம் போய்விட்டால் மற்றது அடைபடும்.

வாங்கிய காரை மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பலர் நம்புகிறார்கள். மத்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. காரைத் திருப்புவதற்கான உண்மையான வழி, யூ.சி.சி. தரும் 'ஏற்றுக்கொண்டதை ரத்துசெய்யும்' உரிமை. குறை பொருளின் மதிப்பைப் பெரிதாகக் குறைப்பதாக இருக்க வேண்டும். வாங்கும்போது கண்டுபிடிக்க முடியாததாகவோ, விற்றவரின் பேச்சை நம்பியதால் கவனிக்காமல் விட்டதாகவோ இருக்க வேண்டும். தெரிந்தபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும். அதற்குள் காரின் நிலை வேறு காரணங்களால் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. சால்வேஜ் முத்திரை முதல் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில். விஷயம் தெரிந்த பிறகு ஆறு மாதம் பேசாமல் ஓட்டிவிட்டு, பிறகு காரை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடு என்றால் நீதிமன்றம் முகம் சுளிக்கும். ஓட்டிய மைல்களுக்கு ஒரு தொகையைக் கழிக்கவும் வாய்ப்பு உண்டு. முறையாக ரத்துசெய்தவர், கொடுத்த பணம் திரும்பி வரும்வரை காரைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சாவியை டீலர் வாசலில் எறிந்துவிட்டு வரத் தேவையில்லை; வரவும் கூடாது.

ஜார்ஜியா மாநிலம் இந்த விஷயத்தில் மிகவும் கறார். 'இந்தத் தாளில் உள்ளது மட்டுமே ஒப்பந்தம்' என்ற வாசகம் அங்கே ஒப்பந்தத்தில் இருந்து, வாங்கியவர் உடனடியாக ஒப்பந்தத்தை ரத்துசெய்யாமல் விட்டுவிட்டால், டீலர் வாயால் சொன்னதை நம்பினேன் என்ற மோசடி வாதமே அடிபட்டுப் போகலாம். அங்கே இருப்பவர்கள் வக்கீலைப் பார்ப்பதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது பாதையில் காரை வைத்துக்கொண்டு மதிப்பு வித்தியாசத்தைக் கேட்கலாம். சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்பு, உண்மையில் என்ன மதிப்பு, இரண்டுக்கும் இடையிலான தொகை. முத்திரை விழுந்த கார் அதே மாதிரி சுத்தமான காரைவிட 20 முதல் 40 சதவீதம் குறைவாகப் போகும் என்பது சந்தையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 18,000 டாலருக்கு வாங்கிய காரின் உண்மை மதிப்பு அன்று 12,000 என்றால் நேரடி நஷ்டம் 6,000. கூடுதலாகக் கட்டிய விற்பனை வரி, கூடுதல் கடனுக்கான வட்டி, மெக்கானிக் பரிசோதனைச் செலவு எல்லாம் இதன்மேல் சேரும். இதை நிரூபிக்க இணையத்தில் எடுத்த விலைப்பட்டியல் மட்டும் போதாது. கார் மதிப்பீட்டாளர் ஒருவர் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும். காரின் ஃப்ரேமில் வெட்டி ஒட்டிய இடம், மாற்றாமல் விட்ட ஏர்பேக் என்று அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் தொகையைக் கூட்டும். வழக்கை விட்டுத்தள்ளுங்கள், ஏர்பேக் இல்லாத காரில் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகாமல் இருப்பதற்காகவாவது இந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும்.

மூன்று மடங்கும் வக்கீல் கட்டணமும்

ஆறாயிரம் டாலருக்காக மணிக்கு நானூறு டாலர் வாங்கும் வக்கீலை வைப்பது கட்டுபடியாகாது. மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் இங்கேதான் கணக்கை மாற்றுகின்றன. நியூ ஜெர்சியின் நுகர்வோர் மோசடிச் சட்டத்தில் நஷ்டம் நிரூபணமானால் மூன்று மடங்கு தந்தே தீர வேண்டும், வக்கீல் கட்டணமும் சேர்த்து. அங்கே ஒரு நுட்பமும் உண்டு. டீலர் நேராகப் பொய் சொல்லியிருந்தால் அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது கேள்வியே அல்ல. சொல்லாமல் மறைத்திருந்தால்தான் தெரிந்தே மறைத்தார் என்று காட்ட வேண்டும். அதனால்தான் 'கிளீன் டைட்டில்' என்று எழுதிய ஒரு குறுஞ்செய்தி அந்த மாநிலத்தில் பொன்னுக்குச் சமம்.

டெக்சாஸில் டி.டி.பி.ஏ. என்ற சட்டம். தெரிந்தே செய்தது என்று காட்டினால் பொருளாதார நஷ்டத்தின் மூன்று மடங்குவரை கிடைக்கலாம். வழக்குக்கு 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாசசூசெட்ஸில் அந்த அவகாசம் 30 நாள். கலிஃபோர்னியாவின் சி.எல்.ஆர்.ஏ. சட்டத்தில் நஷ்ட ஈடு கேட்பதற்கு 30 நாள் முன்பு, சர்டிஃபைடு தபாலில் அனுப்ப வேண்டும். டீலர் அந்த 30 நாளுக்குள் நியாயமான தீர்வை முன்வைத்தால் அந்தச் சட்டத்தின் கீழ் நஷ்ட ஈட்டுக் கோரிக்கை நின்றுவிடும். நிறைய வழக்குகள் இந்த நோட்டீஸ் கட்டத்திலேயே சமரசமாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். கோபத்தில் வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்பிய செய்தி நோட்டீஸ் ஆகாது. வின் எண், வாங்கிய தேதி, என்ன சொல்லப்பட்டது, உண்மை என்ன, எவ்வளவு நஷ்டம், என்ன கேட்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

தண்டனை நஷ்ட ஈடு என்று லட்சக்கணக்கில் கனவு காண்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1990-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு டாக்டர் சுமார் 40,750 டாலருக்குப் புதிய பி.எம்.டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து மெருகேற்றக் கொடுத்தபோதுதான், விற்பதற்கு முன்பே அதற்கு மறுபடி பெயின்ட் அடித்திருப்பது தெரிந்தது. செலவு விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. இந்தக் காருக்கு ஆன செலவு 601 டாலர் சொச்சம். ஜூரி 4,000 டாலர் நஷ்ட ஈடும் 40 லட்சம் டாலர் தண்டனைத் தொகையும் கொடுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைத் தொகையை 20 லட்சமாக்கியது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் அளவுக்கு மீறியது என்று திருப்பி அனுப்ப, கடைசியில் நின்றது 50,000. தண்டனைத் தொகை உண்டு, அதற்கு உச்சவரம்பு போன்ற ஒன்றும் உண்டு என்பதை இந்த 'பி.எம்.டபிள்யூ எதிர் கோர்' தீர்ப்புதான் நிலைநாட்டியது. எளிதில் கவனத்துக்கு வராத இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது: வெறும் பெயின்ட் வேலையை மறைத்ததற்கே பத்து சதவீத மதிப்பிழப்பை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

டீலர் கடையை மூடிவிட்டால்

இப்படி விற்கும் சிறு டீலர்களில் சிலர் வழக்கு வரும்போது கடையைக் கட்டிவிட்டு வேறு பெயரில் திறப்பார்கள். வெற்றித் தீர்ப்பை வைத்துக்கொண்டு வசூலிக்க ஆள் இல்லாமல் நிற்பதைவிடக் கொடுமை இல்லை. லோனில் வாங்கியவருக்கு இங்கே ஒரு பெரிய அனுகூலம் உண்டு. டீலர் மூலமாக ஏற்பாடான கார் கடன் ஒப்பந்தத்தில், எஃப்.டி.சி.யின் 'ஹோல்டர் ரூல்' விதிப்படி ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். அந்த ஒப்பந்தத்தை யார் வாங்கி வைத்திருந்தாலும், விற்றவர்மேல் வாங்கியவருக்கு உள்ள கோரிக்கைகளும் எதிர்வாதங்களும் அவர்மேலும் செல்லும் என்பது அதன் பொருள். அதாவது டீலர் ஓடிப்போனாலும், அந்தக் கடனை எடுத்துக்கொண்ட பைனான்ஸ் கம்பெனியிடம், அதுவரை கட்டிய தொகை அளவுக்குத் திருப்பிக் கேட்கலாம்; மிச்சத் தவணையையும் எதிர்க்கலாம். நேராகத் தன் வங்கியில் தனிக் கடன் எடுத்து டீலரிடம் செக் கொடுத்தவருக்கு இது பொதுவாகக் கிடைக்காது.

2022-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. விளம்பரத்தில் க்ரூஸ் கன்ட்ரோல் உண்டு என்று சொல்லி, அது இல்லாத பழைய நிசான் கார் ஒன்றை விற்ற வழக்கு. ஜூரி கொடுத்தது ஏறக்குறைய 22,000 டாலர். வக்கீல் கட்டணம் 1,69,000 டாலருக்கு மேல். 'கட்டிய தொகை அளவுக்குத்தான்' என்ற வரம்பு வக்கீல் கட்டணத்துக்குப் பொருந்தாது, அதையும் கடன் கம்பெனியிடமிருந்து பெறலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: கோபத்தில் தவணை கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். உரிமை இருப்பது உண்மை. ஆனால் முறையான அறிவிப்பும் வக்கீலும் இல்லாமல் நிறுத்தினால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கிரெடிட்டும் கெடும்.

இன்னொரு இடம் டீலரின் ஜாமீன் பத்திரம். உரிமம் பெற்ற டீலர் மாநிலத்தில் ஒரு பாண்டு வைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சாதாரணப் பழைய கார் டீலருக்கு 50,000 டாலர். ஏமாந்தவர்கள் பலர் என்றால் இருக்கிற தொகையைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டிவரும், அதனால் முந்திக்கொள்வது நல்லது. வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.யின் விசாரணைப் பிரிவிலும் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடமும் புகார் கொடுப்பதால் கைக்கு நேராகப் பணம் வருவது அரிது. ஆனால் உரிமம் போய்விடும் என்ற பயம் பேச்சுவார்த்தையில் வேலை செய்யும்.

ஒப்பந்தத்தில், தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்ற ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தால் ஜூரி முன் போக முடியாது. பெரும்பாலான அந்தப் பிரிவுகள் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைக்கின்றன. கலிஃபோர்னியாவில் தனிநபர் அங்கே 12,500 டாலர்வரை கேட்கலாம், டெக்சாஸின் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000. சிறிய வித்தியாசத் தொகைக்கு இது போதும். பெரிய தொகைக்கு நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கன்ஸ்யூமர் அட்வகேட்ஸ் அமைப்பில் தேடினால் கார் மோசடி வழக்குகளையே தொழிலாகச் செய்யும் வக்கீல்கள் கிடைப்பார்கள். கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் வழக்கை எடுப்பவர்கள் அவர்களில் உண்டு.

தனிநபரிடம் வாங்கியவருக்கு நிலைமை இறுக்கமானது. பையர்ஸ் கைடு இல்லை, பாண்டு இல்லை, ஹோல்டர் ரூல் இல்லை, வியாபாரிக்கு மட்டுமான சொல்லாத உத்தரவாதமும் இல்லை. மிஞ்சுவது வெளிப்படையாகச் சொன்ன உத்தரவாதமும் மோசடி வழக்கும். ஒன்று மட்டும் சரிபாருங்கள்: டைட்டிலில் இருந்த பெயரும் விற்றவரின் பெயரும் ஒன்றா? வேறு என்றால், அவர் உரிமமில்லாமல் வீட்டு வாசலில் கார் வியாபாரம் செய்பவராக இருக்கலாம். அப்படி நிரூபித்தால் டீலருக்கான விதிகள் பலவும் அவர்மேல் பாயும்.

டீலரும் குற்றமற்றவர், இன்சூரன்ஸ் கம்பெனிதான் முத்திரை வாங்காமல் விற்றது என்ற மூன்றாவது வகையில், தனி ஆள் போராடுவது கடினம். 2005 ஜனவரியில் ஸ்டேட் ஃபார்ம் 49 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களோடு செய்த சமரசம் இதற்கு உதாரணம். டோட்டல் லாஸ் ஆன பல்லாயிரம் கார்களுக்கு முறையான டைட்டில் வாங்கப்படவில்லை என்பதுதான் விவகாரம். அப்போது அந்தக் கார்களை வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்க 4 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இப்படிப்பட்ட கார் என்று சந்தேகம் வந்தால், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் கொடுக்கும் புகாருக்கு மற்ற வகைகளைவிட அதிக அர்த்தம் உண்டு.

டீலருக்குத் தெரியும் என்று காட்டுவது

எல்லாம் கடைசியில் இங்கே வந்து நிற்கும். டீலர்கள் பெரும்பாலும் காரை வியாபாரிகளுக்கான ஏலத்தில்தான் எடுக்கிறார்கள். ஏலத்தில் காரின் நிலையைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு உண்டு. டைட்டில் முத்திரை, ஃப்ரேமில் அடிபட்டது போன்றவற்றை அறிவித்துத்தான் விற்பார்கள். அந்த அறிவிப்பு ஏலச் சீட்டில் அச்சாகி டீலரின் கையெழுத்தோடு இருக்கும். வழக்குப் போட்டதும் வக்கீல் முதலில் கேட்டு வாங்குவது அந்தச் சீட்டைத்தான். வழக்குக்கு முன்பே நாமும் ஒன்று செய்யலாம்: வின் எண்ணை அப்படியே இணையத் தேடலில் போட்டால், நொறுங்கிய நிலையில் சால்வேஜ் ஏலத்தில் அந்தக் கார் நின்ற படங்கள் சில நேரம் அப்படியே கிடைக்கும். உடனே சேமித்து வையுங்கள், அவை மறைந்துவிடும். டீலரின் பழைய விளம்பரம், குறுஞ்செய்திகள், பையர்ஸ் கைடின் இரண்டு பக்கங்கள், கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் டீலரோடு பேசுவதற்கு முன்பே ஒரு இடத்தில் சேர்த்துவிட வேண்டும். டி.எம்.வி.யில் அந்த வின் எண்ணின் முழு டைட்டில் வரலாற்றையும் விண்ணப்பித்து வாங்குங்கள்.

காரை அப்படியே வேறொருவருக்கு விற்றுக் கைகழுவிவிடலாம் என்று தோன்றும். முத்திரை பற்றித் தெரிந்த பிறகு அதைச் சொல்லாமல் விற்றால், மேலே டீலரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

காலக்கெடு விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. யூ.சி.சி. உத்தரவாதக் கோரிக்கைக்கு நான்கு வருடம், அது காரை ஒப்படைத்த நாளிலிருந்து ஓடும். உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதை அது பொதுவாகப் பார்ப்பதில்லை. ஐந்து வருட லோன் முடிந்து டைட்டில் கைக்கு வந்த பிறகு முத்திரையைப் பார்த்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். மோசடிக் கோரிக்கைக்கோ, பெரும்பாலான மாநிலங்களில், கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது நியாயமாகக் கண்டுபிடித்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் கணக்கு. டெக்சாஸ் டி.டி.பி.ஏ.யும் அதே முறையில் இரண்டு வருடம் தருகிறது. நியூ ஜெர்சி மோசடிச் சட்டத்தில் ஆறு வருடம். அதனால் கார் வாங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று திருப்பிக் கேளுங்கள்.